கிரேன் சாமியார்

அந்தத் துறைமுகத்தில் யாரிடம் போய் "சாமியார் எங்கே?" என்று கேட்டாலும் விரலை வானத்துக்குத் தூக்கிக் காட்டுவார்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே அவர் அங்கேதான் இருப்பார். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளை இறக்குகிற கடைசிக் கிரேனில், கழுத்து வலிக்க அண்ணாந்தால் தெரிகிற கண்ணாடிக் கேபினில், கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி பெட்டி தூக்கிக்கொண்டிருப்பார். கேபினின் தரையும் கண்ணாடிதான். புதிதாக ஏறுகிறவனுக்கு அதில் கால் வைக்கவே குலை நடுங்கும். இவருக்கு அது வீட்டுக் கூடம் மாதிரி.

சாமியார் என்றதும் தாடி, மாலை என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். மழமழவென்று சவரம் செய்த முகம், எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த நீலச் சட்டை. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருப்பு. பேர் வந்த கதை வேறு. தினமும் காலையில், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கிரேனை நிறுத்துவார். பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். பிறகு தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, சற்று நேரம் அசையாமல் இருப்பார். கண்ணாடித் தரை வழியாகக் கீழே இருப்பவர்களுக்கு இது மங்கலாகத் தெரியும். "மேலே சாமி கும்பிடுறாருப்பா" என்று ஒருநாள் பேச்சு கிளம்பியது.

கிளம்பிய பேச்சு சும்மா இருக்குமா? அந்த நேரத்தில் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். வாக்கிடாக்கியில் ஓயாமல் கத்துகிற சூப்பர்வைசர்கூட வாயை மூடிக்கொண்டார். அது அவர் சம்சாரமே பார்த்திராத அதிசயம். ஒரு லாரி டிரைவர் படிக்கட்டருகே வழிமறித்து, "சாமி, என் பொண்டாட்டிக்கு இது ஒம்பதாம் மாசம். மேலே போறப்ப அவளுக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றான். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. அவ்வளவுதான், அப்புறம் விண்ணப்பங்களுக்குக் குறைவே இல்லை. பரீட்சை, வீட்டுக் கடன், மாமியார் தொல்லை எல்லாம் படிக்கட்டருகே வந்து நின்றன.

அவர் மேலே போட்டுக்கொண்டிருந்தது மாத்திரை. ஹெச்.ஐ.வி.க்கான மாத்திரை.

எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. சர்க்கரை வியாதி வந்தவனிடம் எத்தனை இனிப்பு தின்றாய் என்று யாராவது விசாரணைக் கமிஷன் வைக்கிறார்களா? வந்தது, அவ்வளவுதான். தெரியவந்த வருஷம் அவர் பாதி ஆளாகிப் போயிருந்தார். கிரேன் படிக்கட்டில் நடுவழியில் கம்பியைக் கட்டிக்கொண்டு மூச்சிரைத்தவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று வீட்டுக்கும் வேலைக்கும் ஒரே பொய்யைச் சொல்லி நீண்ட விடுப்பு எடுத்தார்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், அந்த மாத்திரை தருகிற பிரிவில், ஆலோசகராக ஒரு அம்மா இருந்தாள். வருகிறவர்களையெல்லாம் உரிமையோடு திட்டுவதால் அவளுக்கு டீச்சர் என்று பெயர். அவள்தான் அவருக்குப் புரியவைத்தாள்.

"இந்தக் கிருமி உங்க உடம்பை விட்டுப் போகாது. ஆனா தினமும் ஒரு மாத்திரை உள்ளே போச்சுன்னா அதால பெருக முடியாது. மூலையில சுருண்டு கிடக்கும். நீங்க விட்டுவிட்டுப் போட்டீங்கன்னா எழுந்துக்கும். எழுந்துக்கறது மட்டும் இல்ல, மாத்திரைக்கே பழகிடும். அப்புறம் இது வேலைக்கு ஆகாது. புரியுதா?"

புரிந்தது. போட்டார். உடம்பு தேறியது. பின்னால் ஒருநாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டீச்சர் சிரித்தாள். "கண்டுபிடிக்க முடியாத அளவுன்னு வந்திருக்கு" என்றாள்.

"செத்துப்போச்சா மேடம்?"

"அதெல்லாம் சாகல. சத்தம் காட்டாம கிடக்கு. இப்படியே வெச்சிருந்தீங்கன்னா நாளைக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டாக்கூட உங்ககிட்டேர்ந்து அவங்களுக்குப் போகாது."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். மறுநாள் கேபினில் உட்கார்ந்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. கீழே கப்பல் நிறையப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கனம். அவற்றை அலுங்காமல் தூக்குகிற இரும்புக் கயிற்றைப் பார்த்து அவர் ஒருநாளும் வாய் பிளந்ததில்லை. இந்தப் பொத்தானைப் பார்த்துப் பிளந்தார். அடேயப்பா, படியேற முடியாமல் கிடந்த ஒரு முழு ஆளை இது தூக்கி நிறுத்தியிருக்கிறதே! யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, கண் விழித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு இவர் யார்? விழுங்கினார். தலையை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. விண்ணப்பங்கள் வர ஆரம்பித்த பிறகு, மாத்திரை இறங்கியதும் வேண்டிக்கொள்ளச் சொன்னவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வார். கேட்டவர்களை ஏமாற்ற மனசு வரவில்லை.

இதை வீட்டில் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும். வீட்டில் அண்ணி இருந்தாள். தங்கமானவள். ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு குண்டூசி தங்காது. இவருக்கு நோய் தெரிந்த புதிதில், டி.வி.யில் இந்தச் சங்கதி ஓடிக்கொண்டிருந்தபோது, "அந்த மாதிரி ஆளுங்களை வீட்டுக்குள்ள எப்படித்தான் வெச்சுக்கறாங்களோ, குழந்தைகுட்டி இருக்கற இடத்துல" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள். சொன்னவள் அடுத்த நிமிஷமே மறந்திருப்பாள். இவர் வாய்க்கு அது பூட்டுப் போட்டுவிட்டது.

ஆகவே டப்பாவின் லேபிளைச் சுரண்டி, குலுங்காமலிருக்க உள்ளே பஞ்சு அடைத்து, வேலைப் பையின் அடியில் வைத்துக்கொண்டார். வார விடுமுறையில் பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனை திரும்பியதும் போட்டுக்கொள்வார். அண்ணி விடுவாளா? "பால் வாங்கறதுக்கு இம்புட்டு ஆசையா ஓடற ஆம்பளையை நான் பாத்ததே இல்ல. கடையில யாரு தம்பி இருக்கா?" என்று வாரினாள். அவர் அசடு வழியச் சிரித்து வைத்தார். இப்படியே பல வருஷம் ஓடியது. மேலே இருக்கும்வரை அவருக்குக் கவலை இல்லை. அத்தனை உயரத்துக்கு எவன் ஏறி வந்து என்ன மாத்திரை என்று கேட்கப் போகிறான்?

கம்பெனி அவரைக் கீழே இறக்கியது. நல்ல எண்ணத்தில்தான். இனிமேல் கிரேனில் ஆள் ஏற வேண்டாம், ஆபீஸில் குளுகுளு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே ஓட்டலாம் என்றார்கள். எல்லோருக்கும் ஒரே குஷி. இனிப்புகூடக் கொடுத்தார்கள். இவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

கன்ட்ரோல் ரூமில் வரிசையாக நாற்காலிகள், தோளோடு தோள் உரசும். பின்னால் சூப்பர்வைசர். சுற்றிலும் கண்ணாடிச் சுவர், மேலே கேமரா. தண்ணீர்கூட மேஜைக்கு வரக் கூடாது, பை வெளியே அலமாரியில். கழிவறையில் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். போட்டார். ஒருநாள் பக்கத்து நாற்காலிக்காரர் கை கழுவியபடியே பார்த்துவிட்டு, "பிரஷரா சாமி? எனக்கும்தான். காட்டுங்க, எந்த மாத்திரை தராங்க?" என்று கையை நீட்டினார். பாவம், அன்பாகத்தான் கேட்டார். இவர் டப்பாவைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வயிற்றுக் கோளாறு என்று உளறிக்கொட்டி வெளியே வந்தார். அப்புறம் அங்கே போட முடியவில்லை. வருகிற வழியில் போடலாமென்றால், கம்பெனி வண்டி வீட்டு வாசலுக்கே வந்து ஆட்களோடு ஆளாக ஏற்றிக்கொள்ளும்.

ஒருநாள் விட்டுப்போனது. அன்று பூராவும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டினார், ஏதோ அதிகநேர வேலை பார்த்துக் கணக்கைச் சரிக்கட்டுகிற மாதிரி. அதுவும் தப்பு. அடுத்து ஒரு வாரத்தில் பாதி விட்டுப்போனது. அப்போதும் பசி எடுத்தது, தூக்கம் வந்தது, கண்ணாடியில் முகம் களையாகத்தான் இருந்தது. உடம்பு ஒரு சின்னக் காய்ச்சல் காட்டியிருந்தாலாவது மனுஷன் பயந்திருப்பார்! காட்டவில்லை. "நல்லாத்தானே இருக்கோம்" என்று மனசு மெல்ல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

அடுத்த பரிசோதனை முடிவைப் பார்த்த டீச்சர் சிரிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"எழுந்துக்கிச்சு. விட்டுட்டீங்க, இல்ல?"

அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவள் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏன் விட்டீங்கன்னு கேக்கறேன். சோம்பேறித்தனம்னு சொல்லாதீங்க, இத்தனை வருஷம் போட்ட ஆளு நீங்க. எங்கே தடுக்குது?"

கிரேன், கண்ணாடிச் சுவர், கழிவறை, அண்ணி என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இன்னும் கை மீறல. இன்னியிலேர்ந்து ஒழுங்காப் போடுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாப்போம். அப்பவும் அடங்கலைன்னா மாத்திரைக்குப் பழகிடுச்சான்னு பாக்கணும், வேற மருந்துக்கு அலையணும். ஒண்ணு கேக்கறேன், உங்களுக்கு இது இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு."

"நான் உங்க வீட்டுலயா இருக்கேன்? ஒரே ஒரு ஆளுக்காவது சொல்லுங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு எத்தனை நாள் சாப்பிடுவீங்க? ஒளிய இடம் இருக்கறவரைக்கும்தான்."

ஒரு ஆள். யோசித்தபோது ஒரே முகம்தான் வந்தது. கொடிக்காரர். கிரேனுக்குக் கீழே நின்று கையாலும் கொடியாலும் சைகை காட்டி வழிநடத்துகிற மனிதர். இத்தனை வருஷமும் அந்தக் கையை நம்பித்தான் இவர் பெட்டியை இறக்கினார். தூக்கு, இறக்கு, மெல்ல, நில். முகத்துக்கு முகம் பேசியது "டீ ஆச்சா அண்ணே?", "ஆச்சு சாமி", அவ்வளவே. கிரேனுக்குக் கண்ணாகக் கேமரா வந்துவிட்டதால் அவருக்கும் வேலை மாறியிருந்தது. வாசலில் லாரிக்குத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுகிற வேலை.

மதியம் லாரி ஓய்ந்த நேரம் பார்த்துப் போனார். கொடிக்காரர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். ஆனால் இவருக்கு உட்காரத் தோன்றவில்லை.

"அண்ணே, ஒரு விஷயம். எல்லாரும் என்னை சாமிங்கறீங்க. நான் மேலே சாமி கும்பிடலண்ணே."

"தெரியும்."

"மாத்திரை போட்டேன்."

"அதுவும் தெரியும்ப்பா. எதுக்குன்னும் தெரியும். உக்காரு முதல்ல."

உட்கார்ந்தார்.

"என் தங்கச்சியை நீ மாத்திரை வாங்கற அந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றார் கொடிக்காரர். "ஒருநாள் வரிசையில எங்களுக்கு முன்னாடி நின்னே. மூஞ்சியைத் துண்டால மூடியிருந்தே. மூஞ்சியை மூடினா ஆச்சா? தினமும் நீ படியேறப்ப உன் முதுகைத்தானே பாக்கறேன். இந்த முதுகை எனக்குத் தெரியாதா?"

"அப்பவேவா?"

"அப்பவேதான். அதுக்கு அடுத்த வாரம் சூப்பர்வைசர் குதிச்சான். இந்தக் கிரேன் மட்டும் ஏன் தினமும் இந்த நேரத்துக்கு நிக்குது, மேலே ஏறிப் பாத்துடறேன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. சாமி கும்பிடறாரு சார், நடுவுல போனீங்கன்னா பாவம் உங்களைத்தான் பிடிக்கும்னு அடிச்சுவிட்டேன். அந்த ஆளு அப்படியே நின்னுட்டான். சாயங்காலத்துக்குள்ள துறைமுகம் பூரா பரவிடுச்சு."

சாமியாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேலே தனியாக, ஒருவருக்கும் தெரியாமல் இருக்கிறோம் என்று எத்தனை வருஷம் நினைத்திருந்தார்! கீழே ஒரு மனிதர் தினமும் லாரிகளைக் கை காட்டி நிறுத்தி, அவர் ஒரு மாத்திரை விழுங்குவதற்காக ஒரு துறைமுகத்தையே வாய்பொத்தி நிற்க வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்ததில்லை. மனிதர்களுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

"தங்கச்சி எப்படிண்ணே இருக்கு?"

கொடிக்காரர் வந்த லாரிக்குக் கம்பியைத் தூக்கினார். அது போனதும் இறக்கினார்.

"இல்லப்பா. புருஷன் வீட்டுல டப்பாவைப் பாத்துட்டாங்க. ஒளிக்க இடம் இல்லாம நிறுத்திட்டா. நல்லாத்தானே இருக்கேன் அண்ணேன்னா. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்தா. நானும் நம்பித் தொலைச்சேன்." மூக்கை உறிஞ்சினார். "அதுக்கப்புறம் தினமும் நீ தலையைத் தூக்கினாத்தான் எனக்குக் கீழே மூச்சு வரும். இன்னிக்கும் ஒருத்தன் போட்டுட்டான்னு. இப்ப உன்னை அந்த ரூம்ல வெச்சு மூடிட்டாங்க, எனக்குத் தெரிய மாட்டேங்குது. போடறியா?"

"விட்டுட்டேண்ணே."

கொடிக்காரர் கையை ஓங்கிவிட்டார். நிஜமாகவே ஓங்கினார். பிறகு அதே கையால் இவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் தினமும் வந்து உன் வாயில போட முடியுமா? வீட்டுல சொல்லு. அண்ணி பயப்படுவாங்கன்னா பயப்படட்டும். பயந்துட்டுத் திட்டட்டும், வெளியே போன்னுகூடச் சொல்லட்டும். அப்படிச் சொன்னா என் வீட்டுக்கு வா. ஒரு ஆளைப் பறிகொடுத்தாச்சு, இன்னொரு தடவை என்னால ஆகாது."

அன்று சாயங்காலம், அண்ணன் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, சாமியார் டப்பாவைக் கூடத்து மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார். நோயின் பேரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனாலும் முழுசாகச் சொன்னார். தட்டாலும் டம்ளராலும் தொட்டுப் பேசுவதாலும் யாருக்கும் வராது என்று டீச்சர் சொன்னதையும் சொன்னார்.

அண்ணன் காபியைக் கீழே வைத்தான். "ஏண்டா, எங்ககிட்ட சொல்லவே இல்லியேடா" என்றான். அண்ணி மேஜைமேல் இருந்த குழந்தைகளின் டம்ளர்களைச் சட்டென்று எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அந்த டம்ளர்களை அவள் எடுத்த வேகம் அவரைச் சுருக்கென்று குத்தியது. இதைத்தானே இத்தனை வருஷம் பயந்தோம் என்று மாடிக்குப் போனார். டப்பாவை எடுத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

விடிந்ததும் துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கொடிக்காரர் வீட்டுக்குப் போவதாக முடிவு. கூடத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"எங்கே பையைத் தூக்கிட்டீங்க?"

"நான் வேற இடம் பாத்துக்கறேன் அண்ணி. குழந்தைங்க இருக்கற வீடு."

"கீழே வைங்க பையை. உக்காருங்க."

உட்கார்ந்தார். மேஜையில் ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரு மாத்திரை, பக்கத்தில் ஒரு ஸ்பூன். கையால் தொடப் பயந்து ஸ்பூனால் எடுத்து வைத்திருக்கிறாள். தண்ணீர் ஒரு புது டம்ளரில் இருந்தது. வீட்டு டம்ளர் இல்லை. அதுவும் அவருக்குத் தெரிந்தது.

"ராத்திரி பூரா தூங்கல நான்" என்றாள் அண்ணி. "எனக்கு எம்புட்டு பயமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்? நீங்க செத்துப் போயிடுவீங்கன்னு பயமா இருக்கு. தொத்திக்கும்னும் பயமாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். தொத்தாதுங்கறீங்க. அந்த டீச்சரம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க, நானே கேட்டுக்கறேன். அதுவரைக்கும் எனக்குக் கை நடுங்கத்தான் செய்யும். நீங்க முதல்ல இதைப் போடுங்க."

அவர் மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். கண்ணை மூடத் தோன்றவில்லை. எதிரே நின்றவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சா?"

"போச்சு."

"எனக்கு நம்பிக்கை இல்ல. இத்தனை வருஷம் ஒளிச்ச ஆளு. வாயைத் திறங்க."

திறந்தார். அண்ணி முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு ஓரடி வைத்தாள். நின்றாள். பிறகு முந்தானையை விட்டுவிட்டு, கிட்டே வந்து, அவர் மோவாயைக் கையால் நிமிர்த்திப் பிடித்து, நாக்குக்கு அடியில்வரை குனிந்து பார்த்தாள்.